இடிந்த கோட்டையும் நம் இல்லமும்

மதுரையின் வெளி வீதிகளில் நாள்தோறும் நடக்கும் நாம், இடித்து நிரவிய ஒரு கோட்டையின் மீது நடக்கின்றோம். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்து, 72 கொத்தளங்களுடன் நகரைச் சூழ்ந்திருந்த அம்மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அகற்றுவித்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அவ்விடத்திலேயே மனை என்பது ஏற்பாடு. அப்பணியை நடத்திய பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோர் பெயரால் இன்றும் வீதிகள் உள்ளன. கலெக்டருக்கோ விளக்குத்தூண் நிற்கிறது. கல் சுமந்தோர் பெயரால் யாதொன்றும் இல்லை.

பழையதைப் பெயர்த்துப் புதியது கட்டுதல் அதற்கும் முற்பட்டது. திருமலை நாயக்கர் அரண்மனையின் பல பகுதிகளைப் பேரர் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். மன்னர் செய்தால் அது வரலாறு; நம் தந்தையர் இடிந்த வீட்டுச் செங்கல்லைத் தலையில் சுமந்து வந்து சேரியில் சுவர் எழுப்பினால் அது வறுமை!

அவ்வேலையில் நுட்பம் இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் வைத்த செங்கல் முழுதாகப் பெயரும். சிமெண்டில் வைத்தது உடையும். உடைந்ததையும் அவர்கள் எறியவில்லை. தூளாக இடித்துச் சுண்ணாம்புடன் அரைத்தால் ஈரத்திலும் இறுகும் சுர்க்கிச் சாந்து கிடைக்கும். சரிந்த மண்சுவரை நீரூற்றி மிதித்தால் மீண்டும் சுவர். முற்றிய பனங்கைமரம் மறு கூரைக்கும் உதவும். பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்கு, ஆட்டுப்புழுக்கை அவரைக்கு.

கழித்த ஓடுகளைக் கான்கிரீட் கூரைக்குள் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்திய லாரி பேக்கரை (1917–2007) உலகம் போற்றுகிறது. நாமும் போற்றுகின்றோம். ஆயினும் 'தன்னிறைவு' என்னும் சொல்லைக் கேட்கும்போது நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1930 டிசம்பரில் அண்டை இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது 8 தடைகளை விதித்தனர். வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கலம் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1931இல் அவை 11 ஆயின. பிள்ளைகள் எழுத்தறியலாகாது என்பதும் சேர்ந்தது. அடுப்பங்கரையில் இருந்த மண்பானை விரும்பி வைத்ததா, கட்டளையால் வைத்ததா?

இன்று விரும்பிக் கட்டும் நம் இளைஞர்க்கு ஒரு செய்தி. பெயர்த்த செங்கற்களை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென ஒலிப்பதைச் சுவருக்கு எடுங்கள், மற்றதைச் சுர்க்கிக்கு இடியுங்கள். முதல் கல் வைக்குமுன் மனைப் பட்டா வீட்டுப் பெண்ணின் பெயரில் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.