ஆந்தைக்கரடிக் குட்டி என்ன விலை?

இன்னைக்கு ஒரு விலைப்பட்டியலில் இருந்து ஆரம்பிக்கலாம். முட்டை, 2,000 பொற்காசு. பாதிகூட வளராத குட்டி என்றால் 5,000. 1977ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இருக்கிற விலை இது. கோழிக்குஞ்சு, குதிரைக்குட்டி எல்லாம் இல்லை. ஆந்தைத் தலை, கரடி உடம்பு, ஆளைப் பார்த்தாலே பாய்கிற குணம். இங்கிலீஷில் அவுல்பேர். நாம ஆந்தைக்கரடின்னே வச்சுக்குவோம்.

அந்தப் புத்தகத்தின் பெயர் மான்ஸ்டர் மேனுவல். எழுதியவர் கேரி கைகாக்ஸ். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கியவர். விளையாடாதவங்களுக்காக ஒரு வரி: நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்காருவாங்க, ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். இன்னொருத்தர் டஞ்சன் மாஸ்டர். ஊர்க்காரங்க, மிருகங்கள், மழை, காடு எல்லாத்துக்கும் அவர்தான் குரல். முடிவு சந்தேகமா இருந்தா பகடை உருட்டுவாங்க. அவ்ளோதான்.

இந்த விளையாட்டில் ஆபத்தான மிருகத்தைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறது எப்படி மாறி வந்தது என்பதுதான் இன்றைய கதை. என் கருத்தை முன்னாடியே சொல்லிடுறேன்: விதிப்புத்தகங்கள் ஐம்பது வருஷமாக அந்த மிருகத்தின் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கிட்டே வந்திருக்கு.

1974க்குப் போவோம். மூணு சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டி. முதல் பதிப்பு 1,000 பிரதிகள்தான். அதில் டிராகனைக் கொல்லாமல் அடக்குவதற்கு ஒரு தனி விதி இருக்கிறது. சண்டை ஆரம்பிக்கும் முன்பே 'அடக்கப் போறோம்'னு சொல்லிடணும். கொல்றதுக்கு இல்லாம, அடக்கறதுக்காக அடிக்கணும். விழுந்த அடி டிராகனின் மொத்த உயிர்ப் புள்ளிகளில் எத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பகடை உருட்டினால், சில நேரம் டிராகன் பணிந்துவிடும்.

பணிந்த டிராகனை என்ன பண்றது? விக்கலாம்! ஒவ்வொரு உயிர்ப் புள்ளிக்கும் 500 முதல் 1,000 பொற்காசு வரை. 40 புள்ளி உள்ள டிராகன் குறைந்தது 20,000. அதே புத்தகத்தில் ஒரு கனமான போர்க்குதிரை 200 பொற்காசு, முழு இரும்புக் கவசம் 50. டிராகன் என்ன மாதிரி சொத்துன்னு புரியுதா?

ஆனால் அந்த விதியில் ஒரு கொக்கி இருந்தது. அடக்கப்பட்ட டிராகன், தப்பிக்கவோ எஜமானைக் கொல்லவோ வாய்ப்பு கிடைக்கிற வரைக்கும்தான் அடங்கியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது. டிராகன் உங்களிடம் அன்பு வைக்கவில்லை, தோற்றிருக்கிறது. காத்திருக்கிறது.

ஆந்தைக்கரடி 1975ல் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் வந்தது. அதன் பிறப்புக் கதை காவியம் எல்லாம் இல்லை. ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள், பை நிறைய விதவிதமான 'ஆதிகால விலங்குகள்', கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எந்த டைனோசர் புத்தகத்திலும் இல்லாத உருவங்கள். கைகாக்ஸ் அதை வாங்கி மேஜையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் அந்தப் பையில் இருந்து வந்ததுதான். பிறகு 1977 புத்தகம், யாரோ பித்துப்பிடித்த மந்திரவாதியின் சோதனையில் ஆந்தைக்கரடி உருவாகியிருக்கலாம் என்று ஒரு பூர்வீகமும் சேர்த்தது.

கூடவே அந்த விலையும் வந்தது. விலை எதுக்கு? அன்றைய விதிப்படி குகையில் இருந்து வெளியே கொண்டுவரும் செல்வத்தின் மதிப்பு அனுபவப் புள்ளியாக மாறும். ஒரு போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக ஏறக்குறைய 2,000 புள்ளி வேண்டும். ஆந்தைக்கரடி முட்டையின் விலையும் அதேதான். அதாவது முட்டை ஒரு புதையல். தூக்கிட்டு வா, வித்துடு, லெவல் ஏறு. புத்தகத்தின் நோக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் மனுஷங்க. 'குட்டி 5,000'னு படிச்ச உடனே ஒருத்தராவது கேப்பாங்க: 'விக்காம வளர்த்தா என்ன?' விலையை எழுதினதே அழைப்பு மாதிரி ஆயிடுச்சு. ஒரு பொருளுக்குச் சந்தை விலை இருந்தால், யாரோ வாங்குறாங்கன்னு அர்த்தம். யார் வாங்குறா? எதுக்கு வாங்குறா? அப்போ வளர்க்க முடியும்தானே?

வளர்க்க முடியும். ஆனால் யார் கையில் அந்த மிருகம் இருக்கும் என்பதுதான் சண்டையே. குட்டி என் கதாபாத்திரத்தோடது, சரி. அது பசிச்சா என்ன செய்யும், நெருப்பைப் பார்த்தா ஓடுமா, சின்னப் பையனைக் கடிக்குமா, இதையெல்லாம் முடிவு பண்றது டஞ்சன் மாஸ்டர். 1974 விதியில் மிருகங்களையும் ஆட்களையும் வேலைக்கு இழுக்க ஒரு அட்டவணை உண்டு. இரண்டு பகடை. 12 விழுந்தால் உற்சாகமாக வரும். 6 முதல் 8 வரை இழுபறி. 2 விழுந்தால் பாய்ந்து தாக்கும்.

இந்த 2ஐ லேசா நினைக்காதீங்க. முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு, ரொம்பக் கம்மியாத்தான் தோணும். ஆனால் ஒரு மாஸ்டர் தினமும் ராத்திரி ஒரு தடவை உருட்டினால், முப்பது ராத்திரிக்குள் ஒரு தடவையாவது 2 விழ 57 சதவீத வாய்ப்பு இருக்கு. புலி வளர்க்கிறவங்க கதையும் இந்தக் கணக்குதான். ஒவ்வொரு நாளும் பாதுகாப்பான நாள்தான், கூட்டிப் பார்த்தா இல்லை.

சரி, பல் பிடுங்கின கதைக்கு வரேன். இதை அளந்து பார்க்க ஒரு நல்ல அளவுகோல், மந்திரவாதியின் துணைப்பிராணி. இங்கிலீஷில் ஃபெமிலியர். பூனை, காகம், ஆந்தை, தேரை. அதிர்ஷ்டம் இருந்தால் சூடோ டிராகன் என்கிற குட்டி டிராகன், அல்லது குட்டிச்சாத்தான். 1978 விதி: துணைப்பிராணி செத்தால், அதன் உயிர்ப் புள்ளியைப் போல இரண்டு மடங்கை மந்திரவாதி நிரந்தரமாக இழக்கிறார். பூனைக்கு 2 முதல் 4 புள்ளி. ஆரம்ப நிலை மந்திரவாதியின் உயிரோ ஒரு நாலு முகப் பகடை. கணக்குப் போட்டுக்கோங்க. பூனை செத்தா நீங்களும் கிட்டத்தட்ட செத்தீங்க.

2000ல் மூன்றாம் பதிப்பு. பிராணி செத்தால் அனுபவப் புள்ளிகள் குறையும். ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்துத்தான் இன்னொன்று. ஒரு துக்க காலம் மாதிரி. 2014ல் ஐந்தாம் பதிப்பு. இப்போது அந்தப் பிராணி ஓர் ஆவி. செத்தால் மறைந்துபோகும். 10 பொற்காசுக்குக் கரியும் ஊதுபத்தியும் மூலிகையும் வாங்கி ஒரு மணி நேரம் மந்திரம் சொன்னால் திரும்ப வந்துடும்.

உயிரின் விலையில் இருந்து ஊதுபத்தி விலைக்கு வந்துட்டோம்.

நியாயமாகச் சொல்லணும்னா, இதுக்குக் காரணம் இருக்கு. மேஜையில் அஞ்சு பேர். சண்டையில் ஆளுக்கு ஒரு முறை. ஒருத்தர்கிட்ட மட்டும் ஆந்தைக்கரடி இருந்தால் அவருக்கு இரண்டு முறை, அதுவும் அவரைவிட பலமான அடி. மத்த நாலு பேரும் வேடிக்கை பார்க்கணும். அதனால் 2014 விதியில் மிருகத்துணை வைத்திருக்கும் ரேஞ்சருக்கு ஓநாய், சிறுத்தை அளவு வரைக்கும்தான் அனுமதி. அதையும் தாக்கச் சொன்னால் ரேஞ்சரின் சொந்த முறை போய்விடும். ஆந்தைக்கரடி அந்த வரம்புக்கு மேலே. போதாக்குறைக்கு, விதிகளின் பார்வையில் அது 'மிருகம்' என்ற வகையிலேயே வராது. ரேஞ்சர் ரசிகர்கள் இந்த விதியைத் திட்டாத நாள் இல்லை.

2020ல் தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் இதைச் சரி பண்ணியது. நிலம், கடல், வானம் என்று மூணு மாதிரி மிருகம். செத்தால், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு ஒரு மந்திரசக்தியைச் செலவழித்தால், ஒரு நிமிஷத்தில் முழு உயிரோடு எழுந்துவிடும். 2021ல் ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ் ரேஞ்சருக்கு ஒரு டிரேக் கொடுத்தது. டிராகனின் சொந்தக்காரன் மாதிரி. லெவல் ஏற ஏற அதுவும் வளரும். 15ஆம் லெவலில் முதுகில் ஏறிப் பறக்கலாம். அதுவும் சாகாது, மறையும். மறுபடி கூப்பிட்டால் வரும். 1974ன் டிராகன் எஜமானைக் கொல்லக் காத்திருந்தது. இதுக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது.

நல்ல விதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் சாகாத மிருகத்தை, கடிக்காத மிருகத்தை, நாம வளர்க்கிறோமா? அது ஒரு ஆயுதம், முடி முளைச்ச ஆயுதம்.

வேடிக்கை என்னன்னா, விதியில் பூட்டுப் போட்ட அதே 2014 மான்ஸ்டர் மேனுவல், கதைப் பகுதியில் ஜன்னலைத் திறந்து வச்சிருக்கு. நேரமும் தீனியும் அதிர்ஷ்டமும் இருந்தால் ஆந்தைக்கரடியைப் பழக்கலாமாம். எல்லைப்புறக் குடியிருப்புகளில் ஆந்தைக்கரடி ஓட்டப் பந்தயம்கூட நடக்குதாம். பார்வையாளர்கள் எது முதலில் வரும்னு பந்தயம் கட்டுவாங்க. அதே அளவுக்கு, எது தன் பாகனைக் கடிக்கும்னும் கட்டுவாங்க. இந்தப் பத்தியை எழுதினவருக்கு அந்தப் பழைய 2 ஞாபகம் இருந்திருக்கு.

2023ல் பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் வந்ததும் ஆந்தைக்கரடிக் குட்டி உலகப் பிரபலம் ஆயிடுச்சு. முதலில் அதைத் தாயோடு ஒரு குகையில் பார்ப்பீங்க, அப்புறம் காப்ளின்களிடம் மாட்டியிருக்கும், சரியாக நடந்துக்கிட்டால் உங்க முகாமுக்கு வரும். தடவிக் கொடுக்கலாம். நம்மில் பல பேர் இந்த மிருகத்தை முதலில் பார்த்ததே அங்கேதான். அதனால் இப்போ மேஜைக்கு வரும் புது ஆட்கள், குட்டின்னாலே பாசம்னு நினைச்சு வராங்க.

எங்க மேஜையிலும் அப்படித்தான். திருடன் கதாபாத்திரம் ஆடின தோழி குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா. மந்திரவாதி விக்கலாம்னான். ஓட்டெடுப்பு, மூணுக்கு ரெண்டு, வளர்க்கிறதுன்னு முடிவு. பேரு புஜ்ஜி. எங்க மாஸ்டர் பழைய ஆள், திரைக்குப் பின்னாடி ஒவ்வொரு ராத்திரிக்கும் ரெண்டு பகடை உருட்டுவார். நாங்க கண்டுக்கவே இல்லை. பதினோராவது வாரம் உருட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் திரையை மடிச்சு வச்சு எங்களுக்கே காட்டினார். ஒண்ணும் ஒண்ணும்.

கடி வாங்கினது வளர்த்தவளே. மத்த எல்லாரும் ஆயுதத்தை எடுத்தோம். அவ மட்டும், 'யாரும் அடிக்காதீங்க, நான் கையை எடுக்கல'ன்னா. மறுபடி உருட்டச் சொல்லிக் கேட்டா. இந்தத் தடவை திரை இல்லாம, மேஜை நடுவிலேயே விழுந்துச்சு. 7. இழுபறி.

அதோட அன்னைக்கு ஆட்டத்தை நிறுத்திட்டோம். வீட்டுக்குப் போற வழியில யாரும் புஜ்ஜியைப் பத்திப் பேசல. அடுத்த சனிக்கிழமை மந்திரவாதி பத்து நிமிஷம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான், விக்கலாம்னு சொன்னவன். கையில, புஜ்ஜிக்குன்னு தனியா எழுதின தீனிக் கணக்கு.