ஓர் அணாவுக்கு ராமேசுவரம்

என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த ஆல்பத்தில் ஓர் அணா ஸ்டாம்பு ஒன்று இருக்கிறது. கறுப்பும் பழுப்புமாக ராமேசுவரம் கோயில். கூடவே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. இதை உறையில் ஒட்டும்போதெல்லாம் பாட்டி கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாளாம். "ராமநாத சுவாமியையா எச்சில் பண்ணுவது?" மன்னரை எச்சில் பண்ணுவதில் அவளுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

மன்னர் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததற்காக 1935 மே 6-ஆம் தேதி வெளியான வெள்ளி விழா வரிசை அது. இலங்கை உட்படப் பல காலனிகளுக்கு விண்ட்ஸர் கோட்டைப் படம் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்தியாவுக்குத் தனியாக ஏழு ஸ்டாம்புகள், நாசிக்கில் அச்சானவை.

அரையணாவில் பம்பாயின் 'கேட்வே ஆப் இந்தியா'. 1911-ல் இதே மன்னர் வந்து இறங்கியதற்கு எழுப்பிய ஞாபகச் சின்னம். கட்டி முடிய 1924 ஆயிற்று. ஒன்பது பையில் கல்கத்தா விக்டோரியா மண்டபம். 1906-ல் இளவரசராக வந்து அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவரும் இவர்தான். 1911 தில்லி தர்பாரில் கல்கத்தாவைவிட்டுத் தலைநகரை மாற்றுவதாக அறிவித்தவரும் இவர்தான். மண்டபம் 1921-ல் திறந்தபோது அந்த ஊர் தலைநகராக இல்லை.

மீதி ஐந்தைப் பாருங்கள். ராமேசுவரம், கல்கத்தா ஜைன ஆலயம், தாஜ்மகால், அமிருதசரஸ் பொற்கோயில், மாண்டலே பகோடா. பந்தியில் ஆளுக்கோர் இலை போட்ட மாதிரி மதத்துக்கு ஒன்று! முஸ்லிம்களுக்கு மட்டும் மசூதி கிடைக்கவில்லை, கல்லறைதான். அழகான கல்லறை, அது வேறு விஷயம். 1932 ஆகஸ்டில் ராம்ஸே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்து மூன்று வருஷங்கூட ஆகவில்லை. படம் வரைந்தவர் அதை நினைத்தாரோ இல்லையோ, பார்க்கிற எனக்கு நினைவு வருகிறது.

விழா முடிந்து ஒன்பது மாதங்கூட ஆகுமுன், 1936 ஜனவரி 20-ல் மன்னர் காலமானார். பகோடாவும் நிலைக்கவில்லை: 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. கடைசி பிரிட்டிஷ் படை 1948 பிப்ரவரி 28-ல் கப்பலேறப் புறப்பட்டது, அந்த அரையணா வாசல் வழியாகத்தான்.

தாத்தா ஆல்பத்தில் பகோடாவின் இடம் மட்டும் காலி. அது எட்டணா ஸ்டாம்பு. எட்டணா ஒட்டி அனுப்பும்படி எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் எதுவும் போனதில்லை.