முழங்காலுக்கு முன்னறிவிப்பு உண்டா?

ஒரு முக்காலியின் மேலிருந்து தரையில் குதியுங்கள். பாதம் பட்டதும் உடனே மேலே எம்புங்கள். அந்தக் கணத்தில் உங்கள் முழங்கால்கள் நேராக முன்னோக்கி மடங்கினவா? அல்லது ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகச் சாய்ந்தனவா? இந்தச் சிறு வேறுபாட்டைச் சுற்றி ஓர் ஆராய்ச்சி வரலாறே உண்டு.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைக்கும் இரு நார்களுள் ஒன்று முன் குறுக்கு நார். எவரும் மோதாமலேயே, தாவி இறங்கும்போதோ சட்டெனத் திரும்பும்போதோ அது அறுந்துவிடுவதுண்டு. அமெரிக்கக் கல்விக்கூடங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1972-இல் வந்தது. பெண்கள் பெருந்திரளாக ஆடுகளம் புகுந்தனர். கூடைப்பந்து, கால்பந்து போன்றவற்றில் இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்பதும் பின்னர் தெரியவந்தது.

காரணம் தேடிய திமோத்தி ஹூவெட் குழுவினர், சின்சினாட்டியில் 205 இளம் வீராங்கனைகளை 31 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து குதிக்கச் செய்தனர். உடலில் ஒட்டிய குறிகளைக் காமிராக்கள் பதிந்தன. தரையின் எதிர்விசையும் அளக்கப்பட்டது. பின்னர் 9 பேருக்கு நார் அறுந்தது. முன்பே அளந்து வைத்த பதிவுகளில் அவர்களுடைய முழங்கால், மற்றவர்களுடையதைவிடச் சுமார் 8 பாகை கூடுதலாக உட்சாய்ந்திருந்தது! 2005-இல் வெளியான இம்முடிவு பெரும் நம்பிக்கையை ஊட்டியது.

ஆனால் நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழங்காலை உட்சாய்க்கும் விசையை வைத்துக் கணித்தபோது, காயமுற்றோரில் 78 விழுக்காட்டினரை, அதாவது 7 பேரை, அச்சோதனை சரியாகச் சுட்டியது. காயமுறாதோரில் 73 விழுக்காட்டினரைத்தான் ஆபத்தில்லை என்றது. அப்படியானால் எஞ்சிய 196 பேரில் சுமார் 53 பேர் வீணாக அஞ்சியிருக்க வேண்டும். ஒரு பள்ளிச் சிறுமியிடம் "உன் கால் ஆபத்தானது" என்று சொல்வது எளிய செயலா?

2016-இல் நார்வேயிலிருந்து வந்த விடை இன்னும் கடுமையானது. ஹேண்ட்பால், கால்பந்து வீராங்கனைகள் 710 பேரை ஆராய்ந்தனர். மோதலின்றி நார் அறுந்த நிகழ்வுகள் 42. உட்சாய்வுக்கும் காயத்துக்கும் ஓரளவு தொடர்பு இருந்தது. ஆயினும் இன்னாருக்குக் காயம் வரும் என்று பிரித்துக் காட்ட அது போதவில்லை.

அதே நாட்டில் 1,837 இளம் ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களிடம் வேறு வழி சோதிக்கப்பட்டு, 2005-இல் முடிவு வெளியாகியிருந்தது. யாரையும் பிரிக்காமல், ஒரு பிரிவுக் கழகங்களில் எல்லோருக்கும் 15 முதல் 20 நிமிடப் பயிற்சி. முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே நிற்குமாறு இறங்கும் பழக்கம். முழங்கால், கணுக்கால் காயங்கள் அவர்களிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.