கரணம் தப்பினால்

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த ஆலையின் வாசலில் ஒரு பலகை இருந்தது. விபத்து இல்லாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் மாற்றி எழுதுவார்கள். ஸ்பேனர் கை தவறி விழுந்து யார் காலிலும் படாமல் போனால்கூட ‘நியர் மிஸ்’ என்று சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதே ஊரில், ஞாயிற்றுக்கிழமைகளில், வற்றிய ஏரிக்குள் நான் பறையாட்டத்துக்காகப் பல்டி பழகிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த வாத்தியத்துக்குப் பல பெயர். தமிழில் பறை, கன்னடத்தில் தமட்டெ, தெலுங்கில் டப்பு. எங்கள் குழுவில் மூன்று மொழிக்காரர்களும் உண்டு. ஆட்டம் சூடு பிடித்ததும் கூட்டத்திலிருந்து வரும் குரல் எந்த மொழியில் இருந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: “ஒரு பல்டி போடுப்பா!”

இந்த ஆசை ரொம்பப் பழையது. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்குக் கயிற்றில் ஆடும் கூத்தரின் பறையொலியை உவமை சொல்கிறார் பெரும்பதுமனார். நற்றிணையின் 95ஆம் பாடலில், வாத்தியங்கள் முழங்க ஆடுமகள் நடந்த கயிற்றில் ஒரு குரங்குக்குட்டி ஏறித் தொங்குகிறது, குறவர் பிள்ளைகள் தாளம் கொட்டுகிறார்கள். கொட்டும் வித்தையும் அப்போதே சேர்ந்துதான் இருந்திருக்கின்றன. அந்தப் பெண் யாரிடம் பழகினாள், எத்தனை முறை விழுந்தாள் என்பது மட்டும் பாட்டில் இல்லை.

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில், வித்தை காட்டிப் பிழைத்த தொம்பர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. அவர்களை வகைப்படுத்திய வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் நமக்குத் தெரியும். கயிற்றில் ஏறிய ஒருவர் பெயரும் தெரியாது. அவர்களிடமிருந்து நமக்கு மிஞ்சியது ‘கரணம் தப்பினால் மரணம்’ என்ற ஒரு வரி. எனக்கு அது யாரோ எழுதிப் போட்ட நியர் மிஸ் சீட்டு மாதிரிதான் படும்.

எங்கள் ஆசான் முதல் மாதம் பல்டியே சொல்லித் தரவில்லை. திட்டிலிருந்து குதித்து, முழங்கால் மடங்க, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். “விழக் கத்துக்கோ, எழுந்திருக்கிறது தானா வரும்” என்பார். அப்புறம் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, அதன்மேல் பழைய மெத்தை போட்டுப் பின்பக்க உருளல். அதற்கப்புறம்தான் தாவல். இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஒரு கை இடுப்புக்குப் பின்னால், இன்னொரு கை தொடைக்கு அடியில் வைத்துச் சுற்றி விடுவார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வோம். பின்னால் சுற்ற வேண்டும் என்பதால் பின்னால் குதிப்போம், தலையை முதலில் சாய்ப்போம். முதலில் நேராக மேலே எழும்ப வேண்டும். உச்சியில்தான் முழங்காலை நெஞ்சோடு இழுக்க வேண்டும். உடம்பு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுற்றும். பாதியில் பயந்து உடம்பை விரித்தால் சுற்று நின்றுபோகும், கழுத்து தரைக்கு நேராக இருக்கும். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றவே கூடாது என்பது ஆசானின் சட்டம். முழங்காலை இழுக்க இடம் இருக்காது, சட்டம் தாடையைப் பெயர்த்துவிடும். பறையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் தாவ வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் என் கை உடைந்தது. நைட் ஷிப்ட் முடித்துச் சரியாகத் தூங்காமல் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருந்தேன். தார் ரோடு. யாரோ 500 ரூபாய் நோட்டை ஆட்டினார்கள். தாவினேன், சுற்று முடியவில்லை, மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் சம்பளமில்லை. பார்க்க வந்த ஆசான் சொன்னார்: “பல்டியில நீ தப்பு பண்ணல தம்பி. அவன் கேட்டதும் தலையாட்டுன பாரு, அங்கதான் தப்பு.”

கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில்தான் எலேனா முகினாவைப் பற்றிப் படித்தேன். 1978இல் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை. கால் முறிவு சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்குத் திரும்ப வைத்தார்கள். 1980 ஜூலை 3 அன்று, மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில், மின்ஸ்க் நகரில் ஒரு கடினமான கரணத்தில் சுற்று குறைந்து தாடை தரையில் மோதியது. 20 வயதில் உடல் செயலிழந்தது. 2006இல் இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கழுத்து முறியும் என்று பயிற்சியாளரிடம் முன்பே சொன்னதாக அவரே பின்னாளில் பேட்டி கொடுத்திருக்கிறார். அவரிடம் மெத்தை இருந்தது, அரங்கம் இருந்தது, ஒரு அரசாங்கமே பின்னால் இருந்தது. ‘மாட்டேன்’ என்பதற்கு மட்டும் இடம் இருக்கவில்லை. அகர்தலாவின் தீபா கர்மாகர் பழைய ஸ்கூட்டர் பாகங்களில் செய்த பலகையில் பழகி, 2016 ரியோவில் நான்காவதாக வந்தார். சாமான் இல்லாததை எப்படியாவது சமாளித்துவிடலாம் போலிருக்கிறது.

பறைக்கு இந்த ‘மாட்டேன்’ புதிதில்லை. சாவுக்கு அடிப்பது பல ஊர்களில் கட்டாய ஊழியமாக இருந்தது. அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்தவர்கள் உதை வாங்கினார்கள், ஊர்விலக்கம் பார்த்தார்கள். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. 2023இல் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துத் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும், 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்கு நான் விரும்பிப் பறையைத் தோளில் மாட்டுகிறேன் என்றால், அதற்கு முன்னால் யாரோ வேண்டாமென்று அதை இறக்கி வைத்திருக்கிறார்கள். 500 ரூபாய்க்குத் தலையாட்டிய ராத்திரி அதை நான் மறந்துவிட்டேன்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. யார் எப்படி விழுந்தார்கள், தரை என்ன, தூங்கினார்களா என்று எழுதுகிறோம். முதல் பக்கத்தில் என் மணிக்கட்டு. தாரிலும் சிமெண்டிலும் பல்டி கிடையாது. தாவ வேண்டியவன் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு திருவிழாவில் மறுபடி அந்தக் குரல் வந்தது. கீழே ஜல்லி கிடந்தது. நான் பறையைத் தீயில் காட்டிக்கொண்டே சொன்னேன்: “இன்னைக்கு அடி மட்டும்தாண்ணா.” கொஞ்சம் பேர் கலைந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு விடியும்வரை அடித்தோம்.