ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்: நான்கு சுரங்களில் முளைத்த நெடும்பாடல்

'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழு 1975இல் வெளியிட்ட நெடும்பாடல். ஒன்பது பகுதிகள், ஏறத்தாழ 26 நிமிடம். டேவிட் கில்மோர், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட் மூவரும் சேர்ந்து இசையமைத்தார்கள்; வரிகளை எழுதியவர் வாட்டர்ஸ். 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் முதல் ஐந்து பகுதிகள் தொடக்கத்திலும் மற்ற நான்கும் முடிவிலும் வருகின்றன. குழுவுக்குப் பெயர் வைத்தவரும் முதல் ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவருமான சிட் பாரெட், மனநிலை குலைந்து விலகிப்போனார். அவர் நினைவில் எழுந்த பாடல் இது. புராகிரெசிவ் ராக் வகையில் இதைவிடச் சிக்கலான தாளக்கட்டு உள்ள பாடல்கள் எத்தனையோ உண்டு. கேட்பவரைக் காக்க வைக்கும் துணிச்சலில் இதற்கு இணை சொல்வது கடினம். பாடகரின் குரலே எட்டரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது.

பாரெட்டின் இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946 ஜனவரி 6இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். வாட்டர்ஸும் கில்மோரும் அதே ஊரில் வளர்ந்தவர்கள். மூவருக்கும் இளமையிலேயே பழக்கம் உண்டு. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஒட்டவைத்து 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற பெயரை உண்டாக்கியவர் அவர்தான். 1967இல் அவர் எழுதிய 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி பிளே' ஆகிய தனிப்பாடல்கள் பிரிட்டிஷ் தரவரிசையில் ஏறின. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் ஆல்பம் வந்தது. புகழ் வந்த வேகத்திலேயே சரிவும் வந்தது. எல்எஸ்டி பழக்கமும் அலைக்கழித்த மனநிலையும் சேர்ந்துகொண்டன. மேடையில் கிதாரைத் தொடாமலே வெறுமனே நின்ற இரவுகள் உண்டு. அவருக்குத் துணையாகக் கில்மோரைச் சேர்த்தார்கள். சில வாரங்கள் ஐந்து பேராக நடத்திப் பார்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், கச்சேரிக்குப் புறப்பட்ட வண்டியில் பாரெட்டை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஏப்ரலில் அவருடைய விலகல் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

நண்பர்கள் அவரை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. 1970இல் பாரெட்டின் தனி ஆல்பங்கள் இரண்டு வெளிவர கில்மோர், வாட்டர்ஸ், ரைட் ஆகியோர் உதவினார்கள். அதன்பின் பாரெட் இசையுலகிலிருந்து ஒதுங்கிவிட்டார். அந்த வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனது மற்றவர்கள் மனத்தில் ஆறாமல் கிடந்தது. பாடலுக்கு அடியில் ஓடும் குற்றவுணர்வின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' குழுவை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இசைக்கருவிகளையே தொடாமல், ரப்பர் பட்டை, மதுக்கிண்ணம் போன்ற வீட்டுச் சாமான்களை வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று 1973இன் இறுதியில் முயன்றார்கள். நாள்கணக்கில் உழைத்தும் தேறியது கொஞ்சம்தான், திட்டம் கைவிடப்பட்டது. அதில் பிழைத்த ஒன்று, வெவ்வேறு அளவில் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பில் ஈரவிரலைத் தேய்த்து எழுப்பிய நீண்ட ஒலி. 'ஷைன் ஆன்' பாடலின் முதல் விநாடிகளில் சிந்தசைசர்களுக்கு அடியில் மினுங்குவது அந்த ஒலிதான்.

பாடலின் விதை 1974இன் தொடக்கத்தில் விழுந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கில்மோர் கிதாரில் எதையோ மீட்டிக்கொண்டிருந்தபோது நான்கு சுரங்கள் கொண்ட ஒரு தொடர் விழுந்தது: பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. ஒன்று அடங்குமுன் அடுத்தது ஒலிக்க, நான்கும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து நிற்கும். வாட்டர்ஸ் அதைக் கேட்டு நிமிர்ந்தார். அதில் இருந்த துயரம் அவருக்குப் பாரெட்டை நினைவூட்டியது. வரிகள் அங்கிருந்து பிறந்தன. ரசிகர்கள் இன்று அந்த நான்கு சுரங்களை 'சிட்டின் கருப்பொருள்' என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சுரத்தொடர் ஏன் இப்படித் தைக்கிறது என்பதைக் கர்நாடக இசை தெரிந்தவர் எளிதில் பிடித்துவிடுவார். பாடல் ஜி மைனரில் இருக்கிறது. ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த நான்கும் க, நி, ஸ, த. அதுவரை வந்த பின்னணி நடபைரவியின் சாயலில், சுத்த தைவதத்தோடு ஓடியிருக்கும். கடைசிச் சுரமோ சதுச்ருதி தைவதமாக விழுகிறது. மூன்று சுரங்கள் பழகிய வீட்டுக்குள் நடக்க, நான்காவது மட்டும் எதிர்பாராத ஒரு கதவைத் திறக்கிறது. கில்மோர் இதைத் திரும்பத் திரும்ப மீட்ட, சற்று நேரம் கழித்து நிக் மேசனின் டிரம்ஸும் வாட்டர்ஸின் பேஸ் கிதாரும் மொத்தமாக உள்ளே இறங்குகின்றன. ராக் இசையில் இவ்வளவு நேரம் பொறுத்து, இவ்வளவு சரியாக வந்து சேரும் இடங்கள் குறைவு.

ஒலிப்பதிவுக்கு முன்பே பாடல் மேடை ஏறிவிட்டது. 1974 ஜூனில் பிரான்சில் முதன்முதலாக வாசித்தார்கள். நவம்பர், டிசம்பரில் பிரிட்டனெங்கும் கொண்டுசென்றார்கள். அப்போது அது நடுவில் முறியாத ஒரே பாடல். லண்டன் வெம்பிளியில் அந்த நவம்பரில் பதிவான வடிவம் 2011இல் அதிகாரபூர்வமாக வெளியானது. வரிகளும் அமைப்பும் பெரும்பாலும் முடிவாகிவிட்டன, மெருகு மட்டும் மிச்சம் என்பது அதைக் கேட்டால் தெரியும்.

1975 ஜனவரியில் லண்டன் ஆபி ரோட் கூடத்தில் ஒலிப்பதிவு தொடங்கியது. முந்தைய ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் தன் சொந்த இசை முயற்சிகளுக்காக விலகிக்கொள்ள, பிரையன் ஹம்ஃப்ரீஸ் பொறுப்பேற்றார். குழுவில் யாருக்கும் உற்சாகம் இல்லை. வருவதும் போவதும் தாமதம், கூடத்துக்குள் அலுப்பு. வாட்டர்ஸும் மேசனும் மணிக்கணக்கில் செதுக்கிய 'ஷைன் ஆன்' அடித்தளப் பதிவில் தவறுதலாக எதிரொலி ஏறிவிட்டது. ஹம்ஃப்ரீஸுக்கு அந்தக் கூடத்தின் கருவிகள் புதிது. ஏறிய எதிரொலியைப் பிரித்தெடுக்க வழியில்லை. முழுவதையும் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். இவ்வளவு மெதுவான பாடலுக்கு டிரம்ஸ் வாசிப்பது வேகமான பாடலுக்கு வாசிப்பதைவிடக் கடினம். ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் மறைக்க முடியாது. அதை இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருந்த மேசனின் பொறுமைக்குப் போதிய பாராட்டு கிடைக்கவில்லை.

ஆல்பத்தின் உருவம் குறித்து ஒரு வாக்குவாதம் மூண்டது. மேடையில் ஏற்கெனவே வாசித்துவந்த வேறு இரண்டு நீண்ட பாடல்களையும் 'ஷைன் ஆன்' பாடலையும் சேர்த்தாலே ஆல்பம் தயார் என்பது கில்மோரின் எண்ணம். வாட்டர்ஸ் மறுத்தார். 'ஷைன் ஆன்' பாடலை இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் இரு முனைகளிலும் வைத்து, இடையில் 'இல்லாமை'யைப் பற்றிப் புதிய பாடல்கள் எழுதலாம் என்றார். கூடத்தில் உடலால் மட்டும் இருந்து மனத்தால் இல்லாமல் போன தங்கள் நிலைமையையே அவர் பொருளாக்கினார். மற்றவர்கள் வாட்டர்ஸ் பக்கம் நின்றதால் கில்மோர் விட்டுக்கொடுத்தார். இசைத்துறையின் வணிகத்தைச் சாடும் இரண்டு பாடல்களும் ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாடலும் இப்படித்தான் நடுவில் வந்தன. ஒதுக்கப்பட்ட இரண்டும் 1977இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் புது வடிவம் எடுத்தன.

ஜூன் மாதம் நடந்ததுதான் இப்பாடலின் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்படும் நிகழ்ச்சி. பொதுவாக ஜூன் 5 என்று குறிப்பிடுகிறார்கள். 'ஷைன் ஆன்' பாடலின் ஒலிக்கலவை வேலை நடந்துகொண்டிருந்த கூடத்துக்குள் பருத்த உடலோடு ஒருவர் வந்து நின்றார். தலைமுடியும் புருவமும் மழிக்கப்பட்டிருந்தன. யாரோ கூடத்து ஊழியர் என்றோ, இன்னொருவரின் விருந்தாளி என்றோ எண்ணி வேலையைத் தொடர்ந்தார்கள். வந்தவர் பாரெட் என்பது தெரியச் சற்று நேரம் ஆனது. எலும்பும் தோலுமாக, சுருள்முடியோடு இருந்த இளைஞராகத்தான் அவர் இவர்கள் நினைவில் இருந்தார். வாட்டர்ஸ் அழுதுவிட்டார். பாரெட்டிடம் பாடலைப் போட்டுக் காட்டினார்கள். அது தன்னைப் பற்றியது என்பதை அவர் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. எப்போது கிளம்பினார் என்று கவனிப்பதற்குள் போய்விட்டிருந்தார். அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொன்ன விவரங்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடுகின்றன, அடிப்படையில் மாற்றமில்லை.

இந்தப் பாடல் முழுக்கப் பாரெட்டைப் பற்றியதல்ல, விலகிப்போவதன் உச்சநிலைக்கு அவர் ஓர் அடையாளம் மட்டுமே என்று வாட்டர்ஸ் பின்னர் விளக்கியிருக்கிறார். ஆனால் இசையின் சாட்சியம் பாரெட்டின் பக்கமே சாய்கிறது.

கேட்பவர் இதைப் பகுதி பகுதியாகப் பின்தொடரலாம். அசையாமல் நிற்கும் ஜி மைனரின்மேல் ரைட்டின் சிந்தசைசர்கள் விரிய, கில்மோரின் கிதார் ஆலாபனைபோல நிதானமாக நுழைகிறது. நான்காம் நிமிடத்தை நெருங்கும்போது அந்த நான்கு சுரங்கள். பிறகு மினிமூக் சிந்தசைசரில் ரைட்டின் தனி வாசிப்பு, மீண்டும் கிதார். நான்காம் பகுதியில்தான் வாட்டர்ஸின் குரல். கூடவே வெனெட்டா ஃபீல்ட்ஸ், கார்லினா வில்லியம்ஸ் இருவரின் பின்னணிக் குரல்கள். ஐந்தாம் பகுதி டிக் பாரியின் சாக்ஸபோனுக்கு உரியது. பாரிட்டோனில் தொடங்கி டெனருக்கு மாறுகிறார். அடியில் தாளமும் நடை மாறித் துரிதப்படுகிறது.

ஆல்பத்தின் முடிவில் வரும் ஆறாம் பகுதி காற்றொலியோடு தொடங்கி, மடியில் வைத்து உலோகத் துண்டால் வழுக்கி வாசிக்கும் லாப் ஸ்டீல் கிதாரின் ஓலமாக உயர்கிறது. ஏழில் குரல் திரும்புகிறது. எட்டு, கிளாவினெட் ஒலிக்கத் துள்ளலான நடையில் போகிறது. ஒன்பது பகுதிகளில் சற்றுத் தளர்வானது இதுதான். ஒன்பதாம் பகுதி ரைட் தனியாக இயற்றியது, இறுதி ஊர்வலத்தின் நடையில் மெல்ல நகர்வது. பாடல் மறைவதற்குச் சில விநாடிகள் முன்பு ரைட் மினிமூக்கில் ஒரு சிறு மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். அது பாரெட்டின் 'சீ எமிலி பிளே'. ஒலியளவைக் கூட்டிவைத்தால்தான் அது காதில் விழும். குழுவின் மொத்த அஞ்சலியிலும் அந்தரங்கமான இடம் இந்த மெட்டுத்தான்.

1975 செப்டம்பரில் வெளியான ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் அவ்வளவு இணக்கமாக இல்லை. பாரெட்டைப் பற்றிய பாடலைக்கூட உணர்ச்சியின்றிப் பாடியிருக்கிறார்கள் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் கடிந்துகொண்டது. பின்னாளில் அதே இதழ் எக்காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அட்டைப்படத்தை ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தோர்கர்சன் வடிவமைத்தார்: கைகுலுக்கும் இரண்டு வணிகர்கள், ஒருவர் உடல் தீப்பற்றி எரிகிறது. படத்துக்காக ரான்னி ராண்டெல் என்ற சண்டைக் கலைஞர் உண்மையாகவே தீக்குள் நின்றார். அந்த அட்டையையும் கறுப்பு உறையில் மூடி மறைத்தே கடைகளுக்கு அனுப்பினார்கள்.

1980களின் நடுவில் வாட்டர்ஸ் விலகி, குழுவின் பெயருக்காகச் சட்டத் தகராறு நடந்தபிறகும் இப்பாடல் இரு தரப்பு மேடைகளிலும் தொடர்ந்தது. கில்மோர் தலைமையிலான குழுவின் 1988, 1995 நேரடிப் பதிவு ஆல்பங்கள் இரண்டும் இதில்தான் தொடங்குகின்றன. வாட்டர்ஸும் தன் தனிப் பயணங்களில் இதைப் பாடினார். விலகிப்போன ஒருவரைப் பாடும் பாட்டு, எழுதியவரே விலகிப்போன குழுவின் தொடக்கப் பாட்டானது. 2001இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கில்மோர் அக்கூஸ்டிக் கிதாரோடு இதைப் பாடினார். அத்தனை சிந்தசைசர்களையும் உரித்தெடுத்த பின்னும் பாடல் நிலைத்து நின்றது. அதன் பலம் எந்திரங்களில் இல்லை என்பதற்கு அந்த ஒரு கச்சேரி போதும்.

பாரெட் கேம்பிரிட்ஜில் ஓவியம் வரைந்தும் தோட்டம் வளர்த்தும் பல பத்தாண்டுகள் வாழ்ந்து 2006 ஜூலை 7இல் காலமானார். ரைட் 2008 செப்டம்பரில் மறைந்தார். நான்கு சுரங்களை வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைக் கில்மோர் 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு விட்டார். அது 39,75,000 டாலருக்குப் போனது. அன்று வரை எந்தக் கிதாரும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. பணம் கிளையண்ட்எர்த் என்னும் சுற்றுச்சூழல் சட்ட அமைப்புக்குச் சென்றது.

ஆல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு 2025 டிசம்பரில் வந்தபோது, ஒன்பது பகுதிகளையும் இடைவெளியின்றி இணைத்து ஜேம்ஸ் குத்ரி செய்த புதிய ஒலிக்கலவையும் அதில் இருந்தது. 1975இல் இரண்டாகப் பிரிந்த பாடலை இனி எவரும் ஒரே மூச்சில் கேட்கலாம். இசையாக அது கச்சிதமாகவே பொருந்துகிறது. ஆனாலும் வாட்டர்ஸின் வெட்டு சரியானது என்றே சொல்ல வேண்டும். ஐந்தாம் பகுதியின் சாக்ஸபோன் தேய்ந்து மறைந்தபின் வேறு மூன்று பாடல்களைக் கடந்து வந்தால்தான், ஆறாம் பகுதியின் காற்றொலியில் அந்த ஜி மைனர் திரும்பி வருவதன் முழுக் கனமும் தெரிகிறது.