கறுப்பு ஜூலை அடைக்கலம்

கறுப்பு ஜூலை அடைக்கலம் என்பது 1983 ஜூலை 24 முதல் இலங்கையில் நடந்த இனவெறித் தாக்குதலின்போது தமிழர்களை அயலார் மறைத்துக் காத்ததைக் குறிக்கும்.

கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் பலர் தமிழரை உள்ளறையில் ஒளித்துவைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பினர். உயிரைப் பணயம் வைத்த துணிவு அது. தமிழரை உடனே கும்பலின் கண்ணில் படாமல் மறைத்ததே முதல் உதவியாயிற்று. தப்பியோர் கோயில், பள்ளி, இரத்மலானை விமானத்தள முகாம்களில் திரண்டனர். பலர் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்டனர்.

இதற்கு முன்பே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரை 1977, 1981 கலவரங்களும் தாக்கின.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா திரும்பிய மலையகத் தமிழரில் பலர் தமிழ்நாட்டின் நீலகிரியில் உள்ள கூடலூர், பந்தலூர் பகுதிகளில் குடியேறினர். தமிழ்நாடு அரசின் டான்டீ நிறுவனத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை தந்தன.