பிரிந்த பர்மா புகட்டும் பாடம்

திருவையாற்றுக்குப் பெயர் தந்தவை ஐந்து ஆறுகள். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என அவை பிரிந்தோடக் கண்டு, "ஐயகோ, ஆறு பிரிந்துவிட்டதே!" என்று அழுத உழவன் எவனும் இல்லை. பிரிந்ததால்தான் கடைமடைக்கும் தண்ணீர் சென்றது. பிரிந்ததால்தான் தஞ்சைத் தரணி நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அந்த உழவன் கேட்க மறப்பதில்லை: "மதகின் சாவி யார் கையில் இருக்கிறது?"

நாடுகள் கூடுவதையும் பிரிவதையும் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே என்பது நமது எண்ணம்.

அண்மையில் நமது படிப்பகத்து இளைஞர்களிடையே ஒரு சொற்போர் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது முறையா என்பது பொருள். 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்த நாடு அது. 1975இல் மக்களிடம் கேட்டு, இருப்பதே நன்று என்று முடிவு கண்ட நாடு. அதே நாடு 2016 ஜூன் 23 அன்று மீண்டும் வாக்களித்து, 51.9க்கு 48.1 என்ற விழுக்காட்டில் விலகத் தீர்மானித்தது. 2020 ஜனவரி 31 அன்று விலகியும்விட்டது. "தன்னாட்சி பெரிதா, தடையற்ற வணிகம் பெரிதா?" என்று இருபுறமும் வாதம் சூடேறிற்று. அப்போது ஒரு தோழர் எழுந்து, "இலண்டன்காரன் வழக்கில் நமக்கென்ன வேலை? காவிரிக்கரையிலே உட்கார்ந்து தேம்ஸ் நதிக்குத் தீர்ப்பு எழுதுவானேன்?" என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது.

கேள்வி நியாயமானதே. ஆனால் தேம்ஸ் வரை போகவேண்டியதில்லை. நமது வயலின் நெல்விலையையும், நமது உற்றார் உறவினரின் உயிரையும் தொட்ட ஒரு வாக்கெடுப்பு 1932இலேயே நடந்திருக்கிறது. இந்தியாவோடு இருப்பதா, பிரிவதா என்று பர்மா நாட்டில் நடந்த தேர்தல் அது. பள்ளிப் பாடநூல் பெரிதாகப் பேசாத அந்த வரலாற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

கூட்டியவன் யார்?

பர்மா இந்தியாவோடு சேர விரும்பிச் சேர்ந்ததா? இல்லை. 1824இல் ஒரு போர், 1852இல் ஒரு போர், 1885இல் ஒரு போர் என மூன்று போர்களில் அந்நாட்டைத் துண்டு துண்டாக விழுங்கிய வெள்ளையன், நிருவாக வசதிக்காக அதை இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாக 1886இல் ஒட்டவைத்தான். மொழி வேறு, மரபு வேறு, மன்னர் மரபு வேறு. கேட்காமலே கூட்டினான். கூட்டும்போது கேட்க வேண்டும் என்று தோன்றாத கேள்வி, பிரிக்கும்போது மட்டும் நினைவுக்கு வந்தது!

ஒட்டவைத்த பின் வணிகம் பெருகிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்ததும் ஐராவதி ஆற்றுப் படுகை உலகின் அரிசிக் கடையாயிற்று. சதுப்பு நிலமும் காடும் வயலாயின. வயலாக்கியவன் பர்மிய உழவன். அவனுக்குக் கடன் தந்தவர் செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார். அறுவடையிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் முதுகொடிய உழைத்தவர்கள் கடல் கடந்து சென்ற தெலுங்கரும் தமிழரும் ஒரியரும். 1931 குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். இரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. தன் தலைநகரிலேயே தான் சிறுபான்மை என்பதைக் கண்ட பர்மிய இளைஞனின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

நெல்லும் வட்டியும்

நகரத்தார் முதலீடு 75 கோடி ரூபாய் என்று 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர்கள் நிலத்தைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். பணம் திரும்பி வருவதையே விரும்பினர். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டியே வாங்கினர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல்விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கடன் சரியவில்லை, வட்டி சரியவில்லை. அடைக்க முடியாத கடனுக்கு அடகு வைத்த நிலம் கைமாறிற்று. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே நகரத்தார் வசம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவனின் வயல் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, இங்கே நாம் ஒரு கணம் நின்று கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்தல் வேண்டும். "வடவர் வந்து வட்டிக்கடை வைத்தனர், வணிகத்தைக் கைப்பற்றினர்" என்று மேடைதோறும் முழங்கிய இயக்கம் நமது இயக்கம். அதே காலத்தில், வங்கக் கடலுக்கு அப்பால், நம் தமிழரைச் சுட்டி அதே சொற்களைப் பர்மிய இளைஞன் முழங்கினான். அங்கே நாம்தான் வந்தேறிகள், நாம்தான் வட்டிக்காரர்! செட்டிநாட்டு மாளிகைகளில் உயர்ந்து நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அதற்குச் சான்று. கோயில் திருப்பணிகளுக்குப் போன பணமும் அதில் உண்டு. கல்விக்கு வந்த பணமும் உண்டு. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய குடும்பத்தின் தொழில் பர்மாவிலும் பரவியிருந்தது. அங்கே பயின்று தமிழ் முழக்கமிட்ட நம் தோழர்கள் எத்தனை பேர்! ஐராவதி உழவனின் வியர்வைக்கு நாமும் கடன்பட்டவர்களே.

அடி விழுந்தது யார் முதுகில்? மாளிகையின் மீதா? அன்று! 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் இடத்தில் பர்மியரை அமர்த்தினர். பின்னர் உடன்பாடு கண்டதும் அந்தப் பர்மியரைத் துரத்தினர். பசித்த வயிறு பசித்த வயிற்றின்மீது பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி மூண்டது. 1931இல் அவரைத் தூக்கிலிட்டது அரசு.

1932: மக்கள் சொன்னது என்ன?

இந்தச் சூழலில்தான் பிரிவினைப் பேச்சு எழுந்தது. சைமன் குழு 1930இல் பர்மாவைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. இலண்டனில் பர்மா வட்டமேசை மாநாடு கூடி 1932 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் வழியாக மக்கள் கருத்தறிவது என்று முடிவாயிற்று.

ஊ பா பே முதலானோர் பிரிவினை வேண்டும் என்றனர். பா மா, சிட் லைங் போன்றோர் பிரிவினை எதிர்ப்புக் கழகத்தை நடத்தினர். 1932 நவம்பரில் நடந்த தேர்தலில் எதிர்ப்பாளர்கள் 42 இடங்களைப் பெற்றனர், பிரிவினையாளர் 29. இந்தியர்மீது இத்தனை கசப்பு கொண்ட நாடு, இந்தியாவோடு இருக்கவே வாக்களித்தது! வியப்பாக இல்லையா?

வியப்பு வேண்டாம், காரணம் உண்டு. இந்தியாவின் மீதுள்ள காதலால் அன்று அவர்கள் அப்படி வாக்களித்தது. தனியே பிரித்தபின் இந்தியாவுக்குத் தரும் உரிமையளவுகூட வெள்ளையன் நமக்குத் தரமாட்டான் என்ற ஐயமே காரணம். "இப்போது சேர்ந்திருப்போம், வேண்டாதபோது விலகும் உரிமை வேண்டும்" என்பது அவர்கள் விருப்பம். "நினைத்தபோது விலகும் உரிமையோடு சேர இடமில்லை" என்று இலண்டன் முன்பே கதவடைத்துவிட்டது. மக்கள் விரும்பிய மூன்றாவது வழி வாக்குச்சீட்டில் இல்லை. இரண்டே கதவைக் காட்டி, இரண்டும் வேண்டாதவனிடம், "தேர்ந்தெடு" என்றால் அவன் என்ன செய்வான்?

சட்டமன்றம் கூடிற்று. தரப்பட்ட அரசமைப்பின்படி பிரிவினையும் வேண்டாம், நிபந்தனையற்ற இணைப்பும் வேண்டாம் என்று தீர்மானம் இயற்றிற்று. குழப்பத்தைக் கண்ட வெள்ளையனுக்குக் கொண்டாட்டம்! "மக்கள் தெளிவாகச் சொல்லவில்லை, நாமே முடிவு செய்வோம்" என்று 1935இல் சட்டம் செய்து, 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவைப் பிரித்தான். எதிர்ப்பாளராக வென்ற பா மா, பிரிந்த பர்மாவின் முதல் பிரதமரானார். சேர்த்ததும் அவனே, கேட்டதும் அவனே, கேட்டபின் எண்ணியதைச் செய்ததும் அவனே. மதகின் சாவி அவன் கையில்!

தஞ்சையில் என்ன நடந்தது?

இரங்கூன் அரிசி தடையின்றி வந்திறங்கிய காலம் அது. பர்மா இந்தியாவின் மாகாணமாக இருந்தவரை அதன் அரிசிக்கு இறக்குமதித் தீர்வை போட வழியில்லை. 1934இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்த வேளையில், விலை வீழ்ச்சியில் தவித்தனர் தஞ்சை மிராசுதாரர். பிரிந்தால் தீர்வை விதிக்கலாமே என்று எண்ணுவது அவர்களுக்கு இலாபம். பிரியாதிருப்பது வட்டித்தொழில் செய்வோர்க்கும் அரிசி வாங்கி உண்ணும் ஏழைக்கும் இலாபம். ஒரே தமிழினம்; இரண்டு கணக்கு. "நாடு விரும்புகிறது" என்று எவரேனும் முழங்கினால், நாட்டில் யார் விரும்புகிறார் என்று கேட்கச் சொல்கிறது இந்த வரலாறு.

சேற்றில் நின்று நாற்று நட்ட பண்ணையாளிடம் எவரும் கேட்கவில்லை. சொத்தும் வரியும் இருந்தவர்க்கே வாக்கு இருந்த காலம். அவன் ஊரில் இருந்தால் பண்ணை, கப்பலேறினால் கூலி. அங்கும் குரலில்லை, இங்கும் வாக்கில்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான்.

பிரிந்தபின் உடனே வணிகம் நின்றதா? இல்லை. சில ஆண்டுகள் பழைய வணிக முறையே தொடர வழி செய்தனர். சரக்குக்குக் காட்டிய அந்தக் கருணை மனிதரைக் காக்கவில்லை. 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் சப்பானியப் படை நுழைந்ததும் ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் வெளியேறினர். அரக்கான் மலையிலும் அசாம் காட்டிலும் கால்நடையாக வந்தவர்களில் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். சாவுப் பாதையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கருப்பருக்கு ஒரு வழி என்று பேதம் காட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பர்மா அரிசி நின்றது 1943 வங்கப் பஞ்சத்துக்கு ஒரு காரணமாயிற்று. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபின் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வெறுங்கையோடு திரும்பினர். சென்னையின் பர்மா பசாரும், அங்கே விற்கும் அத்தோவும், தமிழகத்து நகரங்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்த வரலாற்றின் எச்சங்கள். ஊர் திரும்ப மனமின்றி மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்ட தமிழரும் உண்டு.

நாம் கொள்ள வேண்டியது

இதனால் பிரிவினை தீது, கூட்டே நன்று என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1965 ஆகஸ்டு 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூர் செழித்தது. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதியும் தந்தது. ஆகவே, கூடுதலும் பிரிதலும் தம்மளவில் அறமும் அல்ல, மறமும் அல்ல. "பிரிவு" என்றதும் துள்ளுவதும், "ஒற்றுமை" என்றதும் உருகுவதும் பக்தரின் பண்பு. பகுத்தறிவாளரின் பண்பு அன்று.

கேட்க வேண்டியவை மூன்று. வாக்குச்சீட்டில் உள்ள கேள்வியை எழுதியவன் யார்? விளையும் இலாபம் யாருக்கு, விழும் அடி யாருக்கு? எல்லைக் கோட்டின் இருபுறமும் சிக்கும் ஏழைக்கு என்ன பாதுகாப்பு? பிரிட்டனின் வாக்கெடுப்பிலும் இவை எழாமல் இல்லை. ஸ்காட்லாந்து மக்களில் 62 விழுக்காட்டினர் இருக்கவே வாக்களித்தனர். எனினும் அவர்களும் சேர்ந்தே வெளியேற நேர்ந்தது. ஒரு நாட்டின் பெரும்பான்மை, அந்நாட்டுக்குள் இருக்கும் இன்னொரு நாட்டின் பெரும்பான்மையை விழுங்கிற்று.

நமது இயக்கமும் இக்கேள்விகளுக்கு ஆளானதே. 1962இல் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்துரைத்த அறிஞர் அண்ணா, 1963இல், பிரிவினைத் தடைச் சட்டமான அரசமைப்பின் 16ஆவது திருத்தம் வந்த ஆண்டில், அதனைக் கைவிட்டார். கோரிக்கையைக் கைவிட்டாரே ஒழியக் காரணங்களைக் கைவிடவில்லை. கூட்டுக்குள் இருந்துகொண்டே சாவியில் பங்கு கேட்கும் வழி பிறந்தது: 1969இல் இராசமன்னார் குழு, 1974இல் தமிழக சட்டமன்றத்தின் மாநில சுயாட்சித் தீர்மானம். இருப்பது, விலகுவது என்ற இரண்டு கதவுகளுக்கு இடையே பர்மியர் தேடிக் கிடைக்காத மூன்றாவது கதவு அது. அதை முழுதும் திறக்கும் பணி இன்னும் முடியவில்லை.

அந்தப் பணியில் இறங்கும் இளைஞன், ஐராவதிக் கரையில் நிலமிழந்து நின்ற உழவனையும், அசாம் காட்டில் மாண்ட தமிழ்க் கூலியையும் ஒருசேர நினைத்தல் வேண்டும். ஒருவனை நினைத்து மற்றவனை மறந்தால் அது வெறும் இனப்பற்று. இருவரையும் நினைத்தால்தான் அது சமத்துவம்.

ஆறு பிரியட்டும், கூடட்டும். கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்போம். போகவில்லையெனில், மதகின் சாவியைக் கேட்போம்!